விஜயதசமி வெல்டிங்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, கிரீஸு. இந்தச் சேர்ல உக்காருங்க. ஓசூர்ல இருந்தா வர்றீங்க? இதுக்குன்னேவா? ஒரு போன் அடிச்சிருந்தாப் போதுமேங்க. ஓ, போன்ல கேட்டா யாரும் ஒழுங்காச் சொல்ல மாட்டாங்கன்னு நேர்ல வந்தீங்களாக்கும். அதுவும் சரிதான். போன்ல கேட்டிருந்தீங்கன்னா நானும் ஒழுங்காச் சொல்லியிருக்க மாட்டேன்.

லூர்துசாமியப் பத்திக் கேக்கோணும், அவ்வளவுதானே. உங்க பட்டறைல வேலைக்குக் கேட்டிருக்கான். பழைய வண்டியெல்லாம் பிரிச்சுப் புதுசாக்கற பட்டறை, அதுக்கு ஒரு நல்ல வெல்டர் வேணும். பத்தொன்பது வருஷம் எங்க இருந்தீங்கன்னு நீங்க கேட்டதுக்கு என்ற கடையச் சொல்லியிருக்கான். சொல்லத்தானே வேணும், வேற எங்க போனான் அவன்.

என்னங்க? கையி நடுங்குதாமான்னா?

யாரு சொன்னா உங்களுக்கு? கோயமுத்தூர்ல எல்லாரும் சொல்றாங்களா? சரி. அதை அவன்கிட்டயே கேட்டீங்களா? அதுக்கு அவன் என்ன சொன்னான்?

"அதைச் சென்னியப்பண்ணன்கிட்டக் கேளுங்க, அவர் என்ன சொல்றாரோ அதுதான்." அப்படியா சொன்னான்? இதே வார்த்தையா?

சித்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கேன். நீங்க எத்தனை மணிக்குத் திரும்பப் போகோணும்? அப்ப நேரமிருக்குது. நான் கொஞ்சம் வெவரமாச் சொல்றேன், குறுக்க பேசாமக் கேட்டுக்குங்க. குறுக்க பேசுனா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா வேற என்னத்தையாவது பேசீருவேன். பேசித்தான் இந்தக் கெதி.

போன வருஷம் ஒரு மில்லுக்காரர் வண்டி வந்துதுங்க. பேரு வேண்டாம். வண்டிப் பேரும் சொல்ல மாட்டேன், சொன்னா இந்த ஊர்ல யாரோடதுன்னு தெரிஞ்சுபோகும். அமெரிக்கா வண்டி. அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல். ரெண்டு கதவு, நீள மூக்கு, உள்ள எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணுனா அந்த டீக்கடைல கிளாஸு ஆடும். சாமி சத்தியமா. டீக்கடைக்காரர் வந்து சண்டையே போட்டாரு.

அந்தக் காலத்துல அமெரிக்காக்காரன் அந்த மாதிரி வண்டியெல்லாம் நேர் ரோட்டுக்குப் பண்ணுனான். மிதிச்சா பறக்கும். வளைவு வந்துதுன்னா படகாட்டம் சாயும். மில்லுக்காரருக்கு அதைக் குன்னூர் மலைல ஏத்தி எறக்கோணும். அவிய பழைய கார் கிளப்புல வருஷத்துக்கு ஒருக்கா எல்லாருமா மலைக்குப் போவாங்க. போன தடவை ஒரு கொண்டை ஊசில வண்டி சாஞ்ச சாய்ச்சல்ல கூட உக்காந்திருந்த அவர் சம்சாரம் "நான் பஸ்ல வர்றேன்"னு எறங்கிட்டாங்களாம். அந்த ரோசத்துல அமெரிக்கால இருந்து மூணு மரப்பெட்டி நிறையச் சாமான் வரவெச்சுட்டாரு. புது ஷாக் அப்சர், புது ஸ்பிரிங்கு, முன் சக்கரத்தைப் புடிக்கற இரும்புக் கை, டிஸ்க் பிரேக்கு, பெரிய சக்கரம் நாலு. அதோட ரெண்டு நீளப் பெட்டிக் கம்பி, சதுரக் குழாயாட்டம்.

அந்தக் கம்பிதான் விஷயமே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். அந்த வண்டிக்கு லாரியாட்டம் தனிச் சேஸிஸு கெடையாது. முன்னாடி கொஞ்சம் சட்டம், பின்னாடி கொஞ்சம் சட்டம், நடுவுல வெறும் தகரம். புது ஸ்பிரிங்கு கெட்டியா இருக்கும், நடுவுல தகரம் முறுக்கிக்கும். அதனால முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் அந்தக் கம்பியால இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு சேத்து வெல்டிங் வெச்சோணும். வெச்சுட்டா வண்டி ஒரே கட்டையாயிரும்.

வெக்கறதுக்கு ஒரு மொறை இருக்குது. வண்டி அதன்ற சக்கரத்துல, அதன்ற கனத்தோட, ரோட்டுல எப்படி நிக்குமோ அப்படி நிக்கோணும். தூக்கி நிறுத்தி வெக்கக் கூடாது. தூக்குனா எங்கியாவது தொய்யும். தொஞ்ச வாக்குல வெல்டிங் வெச்சா தொஞ்சது தொஞ்சதுதான், பொறகு நிமிராது.

இதை எனக்குச் சொன்னவன் லூர்து. எனக்குத் தெரியாதுன்னு இல்லைங்க. எனக்கும் தெரியும். அவன் மொதல்ல சொல்லிட்டான், அவ்வளவுதான். அதுவும் மில்லுக்காரர் முன்னால சொல்லிட்டான்.

அவன் பண்ணுன ஏற்பாட்ட நீங்க பாத்திருக்கோணும். நாலு சக்கரத்துக்கடியிலயும் நாலு இரும்பு மேடை. கொத்தனார் வெக்கற மாதிரித் தண்ணி டியூபு புடிச்சு நாலு மேடையும் ஒரே மட்டம். முன் சீட்டுல ஆளுக்குப் பதிலா ரெண்டு சிமென்ட் மூட்டை. கம்பி ரெண்டையும் அளவா வெட்டி, கிளாம்ப் போட்டு நிறுத்திட்டான். மில்லுக்காரர் வந்து குனிஞ்சு பாத்துட்டு, "சென்னியப்பன், இந்த ஆளு எங்கிருந்து கெடைச்சான் உங்களுக்கு? இஞ்சினியர் தோத்தான் போங்க"ன்னாரு. அன்னைக்கு ஒரு மணி நேரம் இருந்தாரு. அம்பத்தஞ்சு நிமிஷம் லூர்துகிட்டப் பேசினாரு. அஞ்சு நிமிஷம் என்கிட்ட, அதுவும் டாய்லெட் எங்கன்னு.

பொறாமையான்னு கேக்கறீங்களா? கேக்கலியா? நானே கேட்டுக்கறேன் போங்க. அன்னைக்கு இல்லைன்னு தோணுச்சு.

மறுநாள் ஆயுத பூஜை. திங்கக்கெழமை. எங்க ஊர்ல ஆயுத பூஜைன்னா உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு ஸ்பேனர் கூட அன்னைக்குக் கைல தொட மாட்டோம். எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சு சாமி முன்னால வெச்சுருவோம். மறுநா விஜயதசமிக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கறது. லூர்து வேதக்காரன், ஆனா நம்ம பூஜைல சுண்டல் வேக வெக்கறதே அவந்தான். பத்தொன்பது வருஷமா அவன் சுண்டல்தான்.

மில்லுக்காரர் குடும்பத்தோட பூஜைக்கு வர்றேன்னுட்டாரு. எனக்குத் தலைகால் புரியலீங்க. கடையக் கழுவோணும், மேடை, மூட்டை எல்லாம் நடுவுல அசிங்கமாக் கெடக்குது. அப்புறம் அந்த அமெரிக்காச் சக்கரம் நாலு. அதைச் சாமிகிட்ட வெச்சுப் பூஜை பண்ணித்தான் மாட்டோணும்னு மில்லுக்காரர் சம்சாரம் சொல்லீட்டாங்க. சரி, பழைய சக்கரம் எதுக்கு இன்னும், கழட்டீருவோம்னு நானே ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவுக்கு நேரா அடியில நாலு ஸ்டாண்டு குடுத்து நிறுத்திட்டேன். மேடையெல்லாம் அக்கட்டத் தள்ளியாச்சு. மூட்டைய எறக்கியாச்சு. வண்டி அந்தரத்துல சும்மா ஜம்முனு நின்னுது. மாலை போட்டேன். எலுமிச்சம்பழம் வெக்கறதுக்குத்தான் சக்கரம் இல்லை.

லூர்து சுண்டல் கிண்டிட்டு வந்து பாத்தான். "அண்ணா, தூக்கிட்டீங்களா? சரி, நாளைக்கு வந்து மறுபடி மட்டம் புடிச்சுக்கறேன்"னான். அவ்வளவுதான். மூஞ்சி கூடச் சுளிக்கலை. ஒன்றரை நாள் வேலைங்க அது, மட்டம் புடிச்சது.

மறுநாள் விஜயதசமி. காலைல ஏழு மணிக்கு மில்லுக்காரர் போன். "சென்னியப்பன், நல்ல நேரம் ஏழே முக்கால் டு எட்டே முக்கால். ஒன்பதுக்கு எமகண்டம் வந்துரும். அதுக்குள்ள அந்த வெல்டிங்க ஆரம்பிச்சுருங்க. விஜயதசமில ஆரம்பிச்சா விக்கினமில்லாம முடியும்." லூர்து மாதா கோயிலுக்குப் போயிட்டு ஒன்பதுக்குத்தான் வருவான். நான் என்ன பண்ணட்டும்?

ஒரு பொட்டு வெல்டிங் வெச்சிருந்தாப் போதும்ங்க. ஆரம்பிக்கறதுக்கு ஒரே ஒரு பொட்டு. மில்லுக்காரர் கேட்டா ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லிக்கலாம். அப்படி நெனைச்சுத்தான் முகமூடிய மாட்டுனேன். மாட்டுனனா, நெருப்பு புடிச்சுதா, கம்பி உருகி ஒட்டுச்சா, எனக்கு ஒரு இது வந்துருச்சு. பதினஞ்சு வருஷமா நான் வெல்டிங் புடிக்கலீங்க. மொதலாளின்னு உக்காந்தாச்சு. என்ற கையும் வெல்டிங் கைதான். லூர்து வர்றதுக்கு முன்னால இந்தக் கடைல யாரு வெச்சா? நான் வெச்சேன். சரி, இன்னும் ஒரு விரக்கடைன்னேன். இன்னும் ஒரு சாண்ன்னேன். நிமிந்து பாக்கறேன், இந்தப் பக்கம் முழுக்க முடிஞ்சுருச்சு. அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் விடறதுன்னு அதையும் முடிச்சேன்.

ஸ்டாண்டு மேல வெச்சு. நடுவுல தாங்கல் குடுத்து. முன்னால அத்தாச்சோட்டுப் பெரிய என்ஜின் அந்தரத்துல தொங்கிக்கிட்டிருக்கறப்ப.

எமகண்டத்துக்கு முன்னால முடிச்சுட்டேன்ங்க. நேரத்தைப் பொறுத்தவரை ஒரு குத்தமும் இல்லை.

லூர்து ஒன்பது மணிக்கு வந்தான். அடியில படுத்துப் பாத்தான். வெளிய வந்தான். "மூட்டை வெக்கலியா அண்ணா?"ன்னான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது போ"ன்னேன். கதவைச் சாத்திப் பாத்தான், கீழ உரசுச்சு. "ஸ்டாண்டுல நிக்கறப்ப அப்படித்தான் உரசும், எறக்குனா சரியாப் போயிரும்"னு நான் சொன்னேன். அவன், "அண்ணா, இப்பவே அறுத்துட்டு, எறக்கி வெச்சு, மறுபடி வெச்சரலாம்ணா. ரெண்டு நாளு வேலைதான்"னான். நான் பேசுன பேச்சு... "விஜயதசமியும் அதுவுமா வெச்ச வெல்டிங்க அறுக்கச் சொல்றியே, உனக்கு நல்ல நாள் கெட்ட நாள் தெரியுமாடா? உனக்கென்ன தெரியும்"னு பேசிப்போட்டேன். அவன் தலையைத் தலையை ஆட்டிட்டு ஷாக் அப்சர் பெட்டியப் பிரிக்கப் போயிட்டான்.

இருபத்தி ரெண்டு நாளு மத்த வேலை. முன் கை, பின் ஸ்பிரிங்கு, பிரேக்கு எல்லாம் மாட்டுனோம். வெல்டிங்கப் பத்தி அவனும் பேசலை, நானும் பேசலை. எறக்கற அன்னைக்கு மில்லுக்காரர் கிளப்பு ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. வீடியோ புடிக்கறாங்க. சாமி கும்புட்டு எறக்குனேன். நாலு சக்கரமும் தரையத் தொட்டுது. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்ப முன்னாடிக் கண்ணாடில 'சடக்'குன்னு ஒரு சத்தம். மூலைல இருந்து மூலைக்கு ஒரே கீறல்.

மில்லுக்காரர் கதவைத் தெறந்தாரு. தெறந்துது. சாத்துனாரு. சாத்த முடியலை. மேல விரல் நுழையற சந்து, கீழ தகரத்தோட தகரம் உரசுது. தோளைக் குடுத்துத் தள்ளுனாரு, பெயின்ட் பொரிஞ்சு உதுந்துது. இந்தப் பக்கக் கதவும் அப்படியே. வீடியோ புடிச்ச ஆளு போனைக் கீழ எறக்கிட்டான். எனக்கு அந்த எடத்துலயே செத்துப்போயிரலாம்னு இருந்துதுங்க.

அவரு குனிஞ்சு அடியில பாத்தாரு. எந்திரிச்சு, "யாரு வெச்ச வெல்டிங் இது?"ன்னாரு.

"லூர்துங்க"ன்னேன்.

யோசிக்கலீங்க. பொய் சொல்லோணும்னு திட்டம் போட்டுச் சொல்லலை. வாய்ல இருந்து தானா வந்துது. அப்படி வர்றதுதான் அசிங்கம், இல்லையா? உள்ளாற இருக்கறதுதானே வரும்.

லூர்து அங்கதான் நின்னான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல. வேஸ்ட் துணில கையத் தொடைச்சுக்கிட்டு. அவன் மில்லுக்காரரப் பாக்கலை, என்னையப் பாத்தான். எல்லா வெல்டருக்கும் ஒரு கை உண்டு தம்பி, கையெழுத்தாட்டம். அங்க இருந்த யாருக்கும் அது தெரியாது, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் இல்லீங்க சார்"னு. அதுக்குப் பதிலா, "அறுத்துட்டு மறுபடி வெச்சுக் குடுத்தரலாம் சார்"னான். ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போச்சு.

மில்லுக்காரர், "இந்த ஆளு இனிமே என் வண்டியத் தொடக் கூடாது"ன்னுட்டு வெளிய போனாரு. நான் பின்னாலயே ஓடுனேன். கார் கதவைப் புடிச்சுக்கிட்டு, "அவனுக்கும் வயசாச்சுங்க, கையி கொஞ்சம் நடுங்குது, நான்தான் பாவம்னு வெச்சிருக்கேன்"ன்னு சொன்னேன்.

ஆமாங்க. அது நான் சொன்னது. அந்தக் கை நடுக்கம் நான் உண்டாக்குனது. அவனுக்கு அம்பத்தி நாலு வயசு. எனக்கு அம்பத்தி எட்டு.

லூர்து மறுநாள்ல இருந்து வரலை. சண்டையில்லை, சத்தமில்லை. இருகூர்ல ஜன்னல் கிரில் பண்ற கடை ஒண்ணு இருக்குது, அங்க சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். அமெரிக்கா வண்டிக்கு வெல்டிங் வெச்ச கை, ஜன்னலுக்குப் பூ வளைச்சுக்கிட்டு இருக்குது.

ஆனா வண்டி என்ற தலைமேல நிக்குதே. மில்லுக்காரர் நாலு நாளைக்கு ஒருக்கா போன். நானே அறுத்துப் பாத்தேன், சட்டம் வரைக்கும் அறுத்துப்போடுவமோன்னு பயந்து விட்டுட்டேன். வெளிய ரெண்டு வெல்டரக் கூப்பிட்டேன். வந்து பாத்துட்டு, "ஒருத்தன் வெச்சத நாங்க தொட மாட்டோம், வெச்சவனையே கூப்புடுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. வெச்சவன் அவங்க முன்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

வேற வழியில்லாம லூர்து வீட்டுக்குப் போனேன். வெக்கங்கெட்டுப் போய்த்தான் போனேன். அவன் சம்சாரம் செலின் தையல் மிஷின்ல உக்காந்திருந்துது. என்னையப் பாத்ததும் எந்திரிக்கலை. எப்பவும் "வாங்கண்ணா"ன்னு எந்திரிக்கற புள்ளை. "அவருக்குக் கை நடுங்குதுன்னு சொன்னீங்களாம். எனக்கு ஊசில நூல் கோத்துக் குடுக்கறதே அவருதான். இருந்து பாத்துட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டுது. லூர்து உள்ள இருந்து வந்து, "சும்மா இரு செலின். அண்ணனுக்கு டீ போடு"ன்னான்.

வெளிய வந்து நின்னோம். நான் கேக்கறதுக்கு முன்னால அவனே, "வண்டிய அறுக்கோணும், அதானே? ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வர்றேன்"ன்னான். "ஏன் லூர்து அன்னைக்கு ஒண்ணும் பேசலை நீ?"ன்னு கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம். "என்னத்தப் பேசறதுங்ணா? நாலு பெரிய மனுசங்க முன்னால உங்கள விட்டுக்குடுத்தா, அதோட நம்ம கடைக்கு எவன் வண்டி கொண்டாருவான்? பேரு போனா எனக்கு வேற கடை இருக்குது. உங்களுக்கு இந்தக் கடைதானே"ன்னான். நம்ம கடைன்னான் பாருங்க. நம்ம கடை.

அப்பக் கூட நான் "தப்பு என்மேல"ன்னு சொல்லலைங்க. "டீ நல்லாருக்குது"ன்னேன்.

மூணு ஞாயித்துக்கெழமை வந்தான். எதுவும் கேக்காம வந்தான், எதுவும் கேக்காமப் போனான். நான் வெச்சத ஒரு நூல் கூடத் தகரத்துல படாம அறுத்து எடுத்தான். பழையபடி மேடை, பழையபடி தண்ணி டியூபு. ரெண்டு சிமென்ட் மூட்டை அவனே தூக்கிட்டு வந்து சீட்டுல வெச்சான். ஒரு விரக்கடை இந்தப் பக்கம், ஆற விட்டு ஒரு விரக்கடை அந்தப் பக்கம், சூட்டுல இழுத்துக்கக் கூடாதுன்னு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நான் ஒரு மணி நேரத்துல முடிச்ச வேலையை அவன் ரெண்டு ஞாயித்துக்கெழமை செஞ்சான்.

இனிச் சொல்றதுதான் தம்பி, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது. என்ற சம்சாரத்துக்கிட்டக் கூடச் சொல்லலை.

மூணாவது ஞாயித்துக்கெழமை, லூர்து வண்டிக்கடியில மல்லாக்கப் படுத்து கடைசியாத் தேச்சுக்கிட்டிருக்கான். பதினோரு மணி இருக்கும். சொல்லாமக் கொள்ளாம மில்லுக்காரர் வந்து நிக்கறாரு. லூர்து தேய்க்கற மிஷின நிறுத்திட்டு அசையாமப் படுத்துக்கிட்டான். அவரு வண்டியத் தொடக் கூடாதுன்னு சொன்ன ஆளாச்சே. மில்லுக்காரர் கதவைத் தெறந்து சாத்துனாரு. ஒரு விரலால தள்ளுனாரு, பதவிசா மூடுச்சு. அவர் மூஞ்சியப் பாக்கோணுமே, பச்சக் கொழந்தையாட்டம் சிரிச்சாரு. என்ற தோள்ல தட்டுனாரு. "பிரமாதம் சென்னியப்பன்! நீங்களே கைவெச்சுச் சரிபண்ணிட்டீங்க பாத்தீங்களா. அந்த ஆள அப்பவே வெரட்டியிருக்கோணும் நீங்க"ன்னாரு.

வண்டிக்கடியில அவன் செருப்பு மட்டும் தெரியுது எனக்கு.

"ஆமாங்க"ன்னேன்.

மொதல் தடவை வாய் தவறி வந்துதுன்னு வெச்சுக்கலாம். இதுக்கு என்ன சொல்றது? எனக்கு அவன் கேக்கறான்னு தெரியும். தெரிஞ்சே சொன்னேன். மில்லுக்காரர் போன பொறகு லூர்து நகந்து வெளிய வந்தான். மூஞ்சியெல்லாம் இரும்புத் தூள். சட்டையத் தட்டிக்கிட்டான். "ரெண்டு பக்கமும் சரியாச் சேருதாண்ணா?"ன்னு கேட்டான். "சேருது"ன்னேன். "அப்பச் சரி"ன்னுட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். அதுதான் கடைசி. பொறகு அவன் இந்தப் பக்கம் வரலை, நானும் போகலை. ஏழு மாசமாச்சு. தீவாளிக்குத் தீவாளி அவன் குடும்பத்துக்குத் துணி எடுத்துக் குடுத்தவன் நான். இந்தத் தடவையும் எடுக்கத்தான் இருந்தேன், யார்கிட்டக் குடுத்து விடறதுன்னுதான்...

அந்த வண்டி இப்பக் குன்னூர் ஏறி எறங்கிருச்சு. அவர் சம்சாரம் கூடவே போய்ட்டுக் கூடவே வந்தாங்களாம். அதன்ற போட்டோதான் செவுத்துல இருக்கறது. கீழ என்ற கடைப் பேரு போட்டிருக்குது பாத்தீங்களா.

எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. கை நடுக்கமில்லைன்னு எழுதுங்க. கோயமுத்தூர்லயே அவனை மாதிரிக் கை இல்லைன்னு எழுதுங்க. அப்ப வேலை கெடைச்சுரும்ல?

ஏன் இழுக்கறீங்க?

ஓ. உங்க முதலாளியும் மில்லுக்காரரும் ஒரே கிளப்பா. மில்லுக்காரர் வேண்டாம்னு சொன்ன ஆள எடுத்தா நல்லாருக்காதுன்னு யோசிக்கறாரா. அப்ப அவர்கிட்டயும் சொல்லோணும். யாரு, நீங்களா சொல்லுவீங்க? நீங்க சொன்னா அவர் எனக்கில்ல போன் அடிப்பாரு. நானே சொல்லோணும்ங்கறீங்க. அது தெரியுதுங்க. தெரியாமலா இருக்குது. இந்தப் பத்து மாசமா அது ஒண்ணுதான் தெரியுது. சொன்னேன்னா இனி வண்டிய இங்க விட மாட்டாரு. கிளப்பு ஆளுங்க அத்தனை பேர்த்துக்கும் சொல்லுவாரு. அப்புறம் இந்தக் கடைல நானும் இந்தச் சேரும்தான்.

சரி. நீங்க இருக்கறப்பவே பேசீர்றேன். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னா நான் பேச மாட்டேன், எனக்கு என்னையத் தெரியும். எங்க போனு... இந்தா இருக்குது. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க.

"வணக்கம் சார், சென்னியப்பன்ங்க... நல்லாருக்கேன் சார். வண்டி எப்படிங்க ஓடுது... சந்தோசம்ங்க. சார், ஒரு விஷயம். போன வருஷம் வண்டிக்கு மொதல் தடவை வெல்டிங் வெச்சு, கதவு சேராமப் போச்சுங்களே... ஆமாங்க, அந்தக் கண்ணாடி கீறுனப்ப. அது லூர்து வெச்சது இல்லீங்க சார். நான் வெச்சதுங்க. நான் வெச்சுட்டு அவன் பேரச் சொல்லிப்போட்டேன். திரும்பச் சரிபண்ணுனதும் அவந்தானுங்க. கை நடுக்கம்னு சொன்னதும் பொய்யுங்க. தப்பு பண்ணிப்போட்டேன் சார்..."

...

"லூர்துங்க சார். லூர்துசாமி. நம்ம வெல்டருங்க... தண்ணி டியூபு வெச்சு மட்டம் புடிச்சானுங்களே... ஆமாங்க. இப்ப ஓசூர்ல ஒரு பட்டறைல அவனை வேலைக்கு எடுக்கலாம்னு இருக்காங்க சார்... ஆமாங்க சார். சரிங்க சார். ஒண்ணுமில்லீங்க. வெச்சர்றனுங்க."

கேட்டீங்கல்ல?

"யாருங்க லூர்து?"ன்னாரு. கேட்டீங்கல்ல, நீங்களும் கேட்டீங்கல்ல. "அதெல்லாம் எதுக்கு இப்ப, வண்டி நல்லா ஓடுதில்ல, விடுங்க. அந்த ஆள யாரு வேலைக்கு எடுத்தா எனக்கென்ன"ன்னுட்டாரு. சிரிச்சாரு வேற. டிசம்பர்ல ஆயில் மாத்த வர்றாராம்.

அவருக்குப் பேரே ஞாபகம் இல்லைங்க. அப்ப இந்தக் கை நடுக்கத்த ஊரெல்லாம் சொன்னது யாரு? உங்க ஓசூர் வரைக்கும் கொண்டாந்து சேத்தது யாரு? எவனாவது லூர்து எங்கன்னு கேட்டா இதையேதான் சொன்னேன். பத்து மாசமும் நான்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். அவர் எப்பவோ மறந்துட்டாரு. அன்னைக்கே நான் நெசத்தச் சொல்லியிருந்தாலும் ரெண்டு நாளு திட்டிட்டு மறந்திருப்பாரு. இல்லீங்களா?

இல்லீங்க, அழுகலை. தூசி.

நீங்க கெளம்புங்க தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. லூர்துவ எடுத்துக்குங்க. சாயங்காலம் நானே இருகூருக்குப் போறேன். போய் எல்லார் முன்னாலயும் சொல்லீர்றேன், கால்ல விழுகச் சொன்னாலும் விழுகறேன், செலினு என்ன கேட்டாலும் நின்னு கேட்டுக்கறேன். அதெல்லாம் என்னால முடியும்ங்க. ஆனா இன்னைக்கு நான் போன் பண்ணுனேன்னு சொன்னா, மில்லுக்காரர் என்ன சொன்னாருன்னு லூர்து கேப்பானே. அதுக்கு மட்டும் என்ன சொல்றதுன்னு தெரியலைங்க.